கணத்தாக்கு: நிறையை எப்ப விடலாம், எப்ப விடக் கூடாது?

சங்கானைப் பெடியன்

வணக்கம். அடுத்த வருசம் உயர்தரம் எடுக்கிறன், கணிதப் பிரிவு. கணத்தாக்கில மூண்டு இடம் இன்னும் தெளிவில்லாமல் கிடக்கு. பந்து பிடிக்கேக்க கையைப் பின்னுக்கு எடுக்கிற உதாரணம் விளங்கும், அதைத் தாண்டிச் சொல்லுங்கோ.

ஒண்டு. கணத்தாக்கும் கணத்தாக்கு விசையும் ஒண்டோ? குறிப்பில ரெண்டையும் மாறி மாறி எழுதியிருக்கு. கணத்தாக்குக்கு அலகு நியூற்றன் செக்கன் எண்டு இருக்கு. விசை எண்டால் வெறும் நியூற்றன்தானே வரவேணும்?

ரெண்டு. 0.2 கிலோகிராம் பந்து 5 மீற்றர் உயரத்தில இருந்து விழுந்து, நிலத்தில பட்டு, 8 மீ/செ வேகத்தோட மேல எழும்புது. தொட்டுக்கொண்டு நிண்ட நேரம் 0.01 செக்கன். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எண்டு எடுத்தால் நிலத்தில படேக்க வேகம் 10 மீ/செ. நிலம் குடுத்த சராசரி விசை எனக்கு 360 நியூற்றன் வருது. கூடப் படிக்கிறவன் 362 எண்டு நிக்கிறான். குறிப்பில "மோதலின்போது நிறையைப் புறக்கணிக்க" எண்டு இருக்கு. ஆனால் மதிலால குதிக்கிற ஆளைப் பற்றின கணக்கில நிறையைச் சேர்த்துத்தான் செய்திருக்கு. எங்க விடுறது, எங்க சேர்க்கிறது?

மூண்டு. ஒப்பமான நிலைத்த கப்பி, அதுக்கு மேலால இலேசான நீட்டமுடியாத இழை. ஒரு நுனியில 3 கிலோத் துணிக்கை நிலத்தில கிடக்கு. மற்ற நுனியில 2 கிலோத் துணிக்கை. அதை உயர்த்தி விட்டால் 1.25 மீற்றர் சுயாதீனமாய் விழுந்த பிறகு இழை இறுகுது. உந்தக் காப்பில 2 × 5 = 5 × வேகம் எண்டு போட்டால் 2 மீ/செ வருது, விடையும் அதுதான். ஆனால் இங்க உந்தக் காப்பு எண்டு எழுதக் கூடாதாம். விடை சரியாய் வருதெண்டால் ஏன் எழுதக் கூடாது?

வெண்கட்டி

தம்பி, முதல் கேள்வியை ஒழுங்காகப் பிடித்தால் இரண்டாவது தானாக விளங்கும். அந்த இரண்டையும் நான் சொல்கிறேன். இழைக் கணக்கை இணைந்த கணிதம் படிப்பிப்பவர்கள் வந்து சொல்லட்டும்.

மிகக் குறுகிய நேரத்துக்குள் தோன்றி, மிகப் பெரிதாக ஏறி, மறைந்துவிடும் விசை கணத்தாக்கு விசை. அதன் அலகு நியூற்றன். அந்த நேரம் முழுவதும் அது கொடுத்து முடித்த மொத்தம் கணத்தாக்கு. விசை மாறாமல் இருந்தால் விசையை நேரத்தால் பெருக்கினால் போதும். மாறினால் விசை–நேர வரைபின் கீழுள்ள பரப்பை எடுக்க வேண்டும். ஆகவே அலகு நியூற்றன் செக்கன். அதை உடைத்தால் கி.கி. மீ/செ, அதாவது உந்தத்தின் அலகு. கணத்தாக்கை மட்டும் தந்துவிட்டு விசை எவ்வளவு என்று யாரும் கேட்க முடியாது. 8 நியூற்றன் செக்கன் என்பது 8 நியூற்றன் 1 செக்கனுக்குத் தள்ளியதாகவும் இருக்கலாம், 8000 நியூற்றன் 0.001 செக்கனுக்கு அடித்ததாகவும் இருக்கலாம். இரண்டும் பொருளுக்கு ஒரே உந்த மாற்றத்தைத்தான் கொடுக்கும். உடைவதும் உடையாததும்தான் வேறுபடும்.

பிள்ளைகள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அடி, மோதல் என்றால்தான் கணத்தாக்கு என்று நினைக்கிறார்கள். எந்த விசைக்கும் கணத்தாக்கு உண்டு, நிறைக்கும் உண்டு. உம்முடைய பந்தையே எடும். 5 மீற்றர் விழ 1 செக்கன். நிறை 2 நியூற்றன். 2 × 1 = 2 நியூற்றன் செக்கன். நிலத்தில் படும்போது பந்தின் உந்தம் 0.2 × 10 = 2. அந்த உந்தம் முழுவதையும் கொடுத்தது நிறையின் கணத்தாக்குத்தான். 1687 இல் நியூற்றன் தன் இரண்டாம் விதியைச் சொன்னதும் இயக்கத்தின் மாற்றம், அதாவது உந்த மாற்றம், என்றுதான். நாம் முதலில் படிக்கும் "திணிவு × ஆர்முடுகல்" வடிவம் பிற்காலத்தில் வந்தது.

இனி 360 உம் 362 உம். மேல்நோக்கிய திசையை நேர் என்று அம்புக்குறி போட்டுவிட்டுத் தொடங்கும். முன் வேகம் −10, பின் வேகம் +8. மாற்றம் 18. உந்த மாற்றம் 0.2 × 18 = 3.6 நியூற்றன் செக்கன். அம்புக்குறி போடாதவர்கள் 10 இலிருந்து 8 ஐக் கழித்து 0.4 என்று எழுதிவிடுவார்கள். நிறையைப் பற்றி யோசிக்க முதலே கணக்கு அங்கே போய்விடும்.

அந்த 3.6 ஐ நிலம் மட்டும் கொடுக்கவில்லை. பந்தின் மீது தாக்கிய எல்லா விசைகளினதும் விளையுள் கணத்தாக்கு அது. நிலம் மேலே தள்ளுகிறது, நிறை அந்த 0.01 செக்கனிலும் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நிறையின் கணத்தாக்கு 2 × 0.01 = 0.02. ஆகவே நிலத்தின் கணத்தாக்கு 3.62, சராசரி மறுதாக்கம் 362 நியூற்றன். உம்முடைய 360 விளையுள் விசையின் சராசரி. கேட்டது நிலத்தின் விசை என்றால் உம்முடைய தோழன் சொன்னது சரி. "நிறையைப் புறக்கணித்து" என்று வினாவில் இருந்தால் 360 எழுதும். இல்லாவிட்டால் ஒரு வரி கூட எழுதி 362 போடும். ஆனால் 0.01 செக்கன் என்ற தரவே ஒரு பொருளுள்ள இலக்கத்துக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. அந்த அளவீட்டில் 2 நியூற்றனைப் பிரித்தறிய வழியில்லை, அதனால்தான் உம்முடைய குறிப்பு அதை விடச் சொல்கிறது.

மதிலால் குதிப்பவர் 60 கிலோ, மதில் 1.25 மீற்றர் என்று வைப்போம். காலடி படும்போது 5 மீ/செ, உந்தம் 300. முழங்காலை மடித்து உடம்பு அரை மீற்றர் பணிய நிற்கிறார். விசை மாறவில்லை என்று கொண்டால் சராசரி வேகம் 2.5, ஆகவே நிற்க எடுத்த நேரம் 0.5 ÷ 2.5 = 0.2 செக்கன். விளையுள் விசை 1500 நியூற்றன். நிறை 600. நிலத்தின் மறுதாக்கம் 2100. நிறையை விட்டிருந்தால் விடையில் 29 சதவீதம் காணாமல் போயிருக்கும். அதே ஆள் காலை விறைப்பாக வைத்து 5 சதமமீற்றருக்குள் நின்றால் நேரம் 0.02 செக்கன், விளையுள் 15 000, மறுதாக்கம் 15 600. இப்போது நிறையை விட்டால் 4 சதவீதந்தான் பிழைக்கும், ஆனால் கால் எலும்பு தாங்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டு கணக்கிலும் நிறை மாறவில்லை, நேரம் மாறியது. எனவே பரீட்சையில் இப்படிப் பாரும்: ஈர்ப்பு ஆர்முடுகலைத் தொடுகை நேரத்தால் பெருக்கி, வரும் எண்ணை வேக மாற்றத்தோடு ஒப்பிடும். பந்துக்கு 10 × 0.01 = 0.1, வேக மாற்றம் 18. விடலாம். முழங்கால் மடித்தவருக்கு 10 × 0.2 = 2, வேக மாற்றம் 5. விடவே கூடாது. திணிவு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும், அதனால் பாரமான பொருளா இலேசான பொருளா என்று பார்க்கத் தேவையில்லை.

சங்கானைப் பெடியன்

நன்றி சேர், இது வடிவாய் விளங்கீட்டுது. ஆனால் இணைந்த கணிதத்தில தொடுகை நேரமே தாறேல்லை. "இழை இறுகும் கணத்தில்" எண்டு மட்டும்தான் இருக்கும். அப்ப எதோட ஒப்பிடுறது?

இணைந்தகணிதம்_கரவெட்டி

அங்கே நேரத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும். நேரம் பூச்சியத்தை நெருங்கும்போதும் கணத்தாக்கு மிஞ்ச வேண்டுமென்றால் விசை எல்லையில்லாமல் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே நீர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விசைக்கு அப்படி ஏற இடமுண்டா?

நிறைக்கு இடமில்லை. என்ன நடந்தாலும் அது திணிவு × ஈர்ப்பு ஆர்முடுகலிலேயே நிற்கும். விற்சுருளுக்கும் மீள்தன்மை இழைக்கும் இடமில்லை, ஏனென்றால் அவற்றின் விசை நீட்சியைப் பொறுத்தது, பூச்சிய நேரத்தில் நீட்சி மாறாது. வளித்தடைக்கும் இல்லை. நீட்டமுடியாத இழையின் இழுவை, விறைத்த பரப்பின் மறுதாக்கம், கோலின் உதைப்பு, பிணையலில் வரும் மறுதாக்கம் ஆகியவற்றுக்கு இடமுண்டு. பொருள் ஊடுருவாமலும் இழை நீளாமலும் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு அவை ஏறும். இழை இறுகும் கணத்துக்கான படத்தைத் தனியாகக் கீறி, அதில் இந்த வகைக் கணத்தாக்குகளை மட்டும் குறியும். நிறையை அந்தப் படத்தில் போட வேண்டாம்.

இப்போது உம்முடைய கப்பி. இழையின் கணத்தாக்கு இரண்டு துணிக்கைகளிலும் மேல்நோக்கியே தாக்கும். இறுகிய பின் பொது வேகம் தேவைப்படுகிறது.

2 கிலோவுக்கு: கணத்தாக்கு = 2 × (5 − வேகம்)
3 கிலோவுக்கு: கணத்தாக்கு = 3 × வேகம்

வேகம் 2 மீ/செ, கணத்தாக்கு 6 நியூற்றன் செக்கன்.

விடை ஒன்றாக வந்தும் "உந்தக் காப்பு" என்று ஏன் எழுதக் கூடாது என்று கேட்டீர். உந்தம் காவி என்பதை மறக்காமல் கணக்குப் பாரும். இறுக முன் தொகுதியின் உந்தம் கீழ்நோக்கி 2 × 5 = 10. இறுகிய பின் 2 கிலோ கீழ்நோக்கி 4, 3 கிலோ மேல்நோக்கி 6, சேர்த்தால் மேல்நோக்கி 2. கீழ் 10 இலிருந்து மேல் 2 க்குப் போயிருக்கிறது, மாற்றம் மேல்நோக்கி 12. காக்கப்படவே இல்லை. அந்த 12 ஐக் கொடுத்தது யார்? கப்பியின் அச்சு. இழை கப்பியை இரண்டு பக்கமும் 6, 6 ஆகக் கீழே இழுக்கிறது, அச்சு 12 ஐ மேலே கொடுத்துக் கப்பியைப் பிடித்து வைக்கிறது. நீர் எழுதிய சமன்பாடு மேலே உள்ள இரண்டையும் சமப்படுத்தினால் வரும் வரி. எண் பொருந்தியது, பெயர் பொருந்தவில்லை. கப்பியின் மீதான கணத்தாக்கைக் காண்க என்று ஒரு பகுதி வந்தால் உந்தக் காப்பு எழுதியவருக்குப் போக வழியிருக்காது.

சக்தியையும் பார்த்துவிடும். இறுக முன் 25 யூல், இறுகிய பின் 10 யூல். 15 யூல் போய்விட்டது. இழை இறுகும் கணத்துக்கு மேலால் சக்திச் சமன்பாட்டை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இறுகிய பிறகு வழமையான கணக்கு மறுபடியும் தொடங்குகிறது: அமர்முடுகல் (3 − 2) × 10 ÷ 5 = 2 மீ/செ², ஆகவே 3 கிலோ 1 மீற்றர் ஏறிக் கணநிலை ஓய்வுக்கு வந்து திரும்பும். இந்தப் பகுதியில் நிறையை மறுபடி சேர்க்க மறந்துவிட வேண்டாம். கணத்தாக்குக் கணக்கு முடிந்ததும் நிறை திரும்பி வந்துவிடும்.

இழை வேகத்தின் வழியே இல்லாமல் சாய்வாக இருந்தால் உம்முடைய குறுக்குவழி எண்ணிலும் பிழைக்கும். ஒப்பமான மேசையில் சம திணிவுள்ள இரண்டு துணிக்கைகள். ஒன்று ஓய்வில் இருக்க, மற்றது 10 மீ/செ உடன், இழை இறுகும் கணத்தில் இழையோடு 60 பாகை அமைக்கும் திசையில் போகிறது. கணத்தாக்கு இழையின் வழியே மட்டும்தான் தாக்கும். இழை வழியான கூறு 5, அது இரண்டுக்கும் பகிரப்பட்டு 2.5 ஆகும். இழைக்குச் செங்குத்தான கூறு 8.66 தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஓடியது 9.01 மீ/செ உடன் திசை திரும்பிப் போகும், ஓய்வில் இருந்தது இழை வழியே 2.5 உடன் போகும். 10 ஐ இரண்டால் வகுத்து 5 என்று எழுதினால் இரண்டு துணிக்கையும் பிழை.

வெண்கட்டி

கரவெட்டி ஆசிரியர் உராய்வைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அதைச் சேர்த்துவிடுகிறேன். உராய்வு தானாக ஏறாது, ஆனால் மறுதாக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். மறுதாக்கத்துக்குக் கணத்தாக்கு இருந்தால் உராய்வுக்கும் உண்டு, வழுக்கிக்கொண்டே இருக்கும்வரை அது உராய்வுக் குணகம் × மறுதாக்கத்தின் கணத்தாக்கு.

0.5 கிலோப் பந்து கரடான நிலத்தில் சாய்வாகப் படுகிறது. கிடைக்கூறு 8, கீழ்நோக்கிய கூறு 6, எழும்பும்போது மேல்நோக்கி 4 என்க. மறுதாக்கத்தின் கணத்தாக்கு 0.5 × 10 = 5. உராய்வுக் குணகம் 0.2 என்றால் உராய்வின் கணத்தாக்கு 1. கிடைவேகம் 8 − 1 ÷ 0.5 = 6 ஆகக் குறையும். கிறிக்கெற்றில் பந்து குத்தி எழும்பும்போது வேகம் குறைந்து வருவதில் ஒரு பங்கு இதுதான். "நேரம் பூச்சியம், ஆகவே உராய்வைப் புறக்கணிக்கலாம்" என்று எழுதினால் 8 ஐ அப்படியே விட்டுவிடுவீர்.

கராஜ்_சுன்னாகம்

தம்பி கேட்டது பரீட்சைக்கு எண்டாலும் இந்தக் கணக்கு எங்கட வேலையில ஒவ்வொரு நாளும் வரும், அதால எழுதுறன்.

நிண்டுபோன வாகனத்தைக் கட்டி இழுக்கிறதை எடுங்கோ. ரெண்டும் 1000 கிலோ எண்டு வைப்பம். கயிறு தொய்வாய்க் கிடக்க, முன்வாகனம் 2 மீ/செ எடுத்த பிறகு கயிறு இறுகுது. மற்றது கியரில இல்லை, பிரேக் விட்டிருக்கு. பொது வேகம் 1 மீ/செ, கயிற்றின்ர கணத்தாக்கு 1000 நியூற்றன் செக்கன். எந்தக் கயிறு போட்டாலும் இந்த 1000 மாறாது. இரும்புக் கேபிள் 0.02 செக்கனில இறுகி முடிஞ்சுதெண்டால் சராசரி விசை 50 000 நியூற்றன். கொழுக்கி நிமிரும், இல்லாட்டி பம்பரோட கழண்டு வரும், கேபிள் அறுந்தால் சுழண்டு வந்து ஆளை அடிக்கும். 5 மீற்றர் நைலோன் கயிறு 40 சதமமீற்றர் நீண்டு குடுத்தால் நேரம் 0.4 செக்கன், சராசரி 2500 நியூற்றன். அதால நைலோன்தான் போடுறது. எந்தக் கயிறெண்டாலும் முதல்ல மெல்ல ஊர்ந்து தொய்வை எடுத்துப்போட்டு அதுக்குப் பிறகு இழுக்கவேணும். தொய்வு இல்லாட்டி ரெண்டு வாகனத்துக்கும் இடையில வேக வித்தியாசம் இல்லை, உதறலும் இல்லை. நைலோன் நல்லதெண்டாலும் நீண்ட கயிற்றில சக்தி கிடக்கும், கொழுக்கி கழண்டால் கயிறே கொழுக்கியைத் தூக்கிக்கொண்டு பறக்கும். இழுக்கேக்க கயிற்றுக்குப் பக்கத்தில ஒருத்தரும் நிக்கக் கூடாது.

குறிகட்டுவான் மாதிரி இறங்குதுறையில படகு வந்து அணையிற இடத்தில ரயர் தொங்கவிடுறதும் இதே கணக்கு. 20 தொன் படகு அரை மீ/செ வேகத்தில வந்து முட்டினால் 10 000 நியூற்றன் செக்கன். ரயர் 12 சதமமீற்றர் அளவில நசிஞ்சு குடுத்தால் அரைச் செக்கன் கிடைக்கும், விசை 20 000 நியூற்றன். வெறும் சீமெந்தில பலகை பட்டால் ஒரு சதமமீற்றர்தான் குடுக்கும், விசை பத்து மடங்குக்கும் மேல, பலகை பிளக்கும். இங்க நிறையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. நேரம் குறைவெண்டதால இல்லை, நிறையைத் தண்ணி தாங்குது, மோதல் கிடையாய் நடக்குது.

ஹெல்மெற்றையும் சொல்லிவிடுறன், ஏனெண்டால் உள்ள இருக்கிற நுரையை வெட்டிப்போட்டு ஓடுற பெடியளும் இருக்கினம். தலை 5 கிலோ, 6 மீ/செ வேகத்தில நிலத்தில படுது, உந்தம் 30. நுரை 2.5 சதமமீற்றர் நசிஞ்சால் கிட்டத்தட்ட 0.008 செக்கன், விசை 3600 நியூற்றன். நுரை இல்லாமல் 2 மில்லிமீற்றருக்குள்ள நிண்டால் 45 000. அந்த நுரை ஒருக்கால் நசிஞ்சால் திரும்பி வராது. வெளியில கீறல் மட்டும்தான் எண்டாலும் விழுந்து அடிபட்ட ஹெல்மெற்றை மாத்தவேணும்.

ஆய்வுகூடம்

கராஜ் அண்ணையின் எண்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிழை பிடிக்கச் சொல்லவில்லை, மாணவர்கள் செய்முறையில் மாட்டும் இடம் என்பதால் சொல்கிறேன். நசிந்த தூரத்திலிருந்து நேரத்தை எடுக்கும்போது, விசை மாறாமல் இருந்தது என்று கொண்டுதான் எடுக்கிறோம்.

சுத்தியலையும் ஆணியையும் பாரும். தலை 0.5 கிலோ, 6 மீ/செ, ஆணி 5 மில்லிமீற்றர் இறங்குகிறது. சக்தி 9 யூல், 0.005 மீற்றரால் வகுத்தால் 1800 நியூற்றன். நேரம் 0.005 ÷ 3 = 0.00167 செக்கன், உந்தம் 3, வகுத்தால் அதே 1800. ஒன்றாக வந்ததற்குக் காரணம் மாறா விசை என்ற எடுகோள். சக்தியைத் தூரத்தால் வகுத்தால் வருவது தூரம் மீதான சராசரி. உந்தத்தை நேரத்தால் வகுத்தால் வருவது நேரம் மீதான சராசரி. இரண்டும் வெவ்வேறு கணியங்கள். நசியுந்தோறும் விசை ஏறும் பொருளில், அதாவது விற்சுருள் மாதிரி நடக்கும் ரயரிலோ பந்திலோ, தூரச் சராசரி உச்சத்தின் 0.5 பங்கு, நேரச் சராசரி 0.64 பங்கு. உடைவதைத் தீர்மானிப்பது உச்ச விசை. ஆகவே சராசரி 20 000 என்றால் ரயர் வளையத்தை 20 000 க்கு மட்டும் தாங்கக் கட்டினால் போதாது.

பனஞ்சலாகையில் ஆணி அடித்தால் வளைவதும் இந்த எண்களில் தெரியும். அதே அடிக்கு ஆணி 2 மில்லிமீற்றர்தான் இறங்கினால் விசை 4500 நியூற்றனுக்கு ஏறுகிறது, நீட்டி நிற்கும் மெல்லிய ஆணி அதைத் தாங்காமல் மடங்கும். முதலில் சிறு துளை போட்டால் ஒரே அடிக்குக் கூடத் தூரம் இறங்கும், விசை குறையும்.

பந்தின் கணத்தாக்கை வீட்டிலேயே அளக்கலாம், தொடுகை நேரம் தேவையே இல்லை. ரெனிஸ் பந்து 58 கிராம். சுவரில் அளவுநாடா ஒட்டி, 2 மீற்றரிலிருந்து விட்டு, எழும்பும் உயரத்தைத் தொலைபேசியில் படமெடும். கமெராவை எழும்பும் உயரத்துக்கு நேராக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்வால் சில சதமமீற்றர் பிழைக்கும். பந்தின் அடிப்பகுதிக்கு அளக்கத் தொடங்கினால் இரண்டு உயரத்தையும் அடிப்பகுதிக்கே அளவும். 1.1 மீற்றர் எழும்பினால், விழும் வேகம் 6.32, எழும் வேகம் 4.69, உந்த மாற்றம் 0.058 × 11.01 = 0.64 நியூற்றன் செக்கன். தொடுகை நேரத்தையும் அதே படத்தில் எடுக்கலாம் என்று முயல வேண்டாம். செக்கனுக்கு 240 பிரேம் எடுத்தாலும் ஒரு பிரேம் 0.0042 செக்கன். ரெனிஸ் பந்து நிலத்தைத் தொடுவது ஏறக்குறைய அவ்வளவுதான், ஒன்றோ இரண்டோ பிரேமில் முடிந்துவிடும். காற்றுக் குறைந்த உதைபந்து என்றால் கூடுதலான பிரேம்கள் கிடைக்கும்.

சங்கானைப் பெடியன்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாய் ஒண்டு. தோட்டத்துக் குழாயால வாற தண்ணி தகட்டில அடிக்கிற விசை கேட்டு ஒரு கணக்கு. அதில மோதல் நேரமும் இல்லை, திணிவும் இல்லை, பாய்ச்சல் வீதம் மட்டும்தான் இருக்கு. இதுக்கும் கணத்தாக்குத்தானோ?

வெண்கட்டி

அதேதான். நேரத்தை நீரே 1 செக்கன் என்று தெரிவு செய்யும். 2 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 600 லீற்றர் என்றால் செக்கனுக்கு 10 கிலோ. குறுக்குவெட்டு ஏறக்குறைய 20 சதுர சதமமீற்றர், ஆகவே வேகம் 5 மீ/செ. ஒரு செக்கனில் தகடு அழிக்கும் உந்தம் 10 × 5 = 50, விசை 50 நியூற்றன். நீர் தகட்டில் பட்டுப் பக்கமாக வழிந்தால் இந்த விடை. கிண்ணம் மாதிரி வளைந்த தகடு நீரை வந்த வழியே அதே வேகத்தில் திருப்பினால் 100. வினாவில் நீர் பட்ட பின் எங்கே போகிறது என்ற வாசகத்தைத் தேடிப் பாரும், பாதி விடை அங்கே இருக்கும்.

கராஜ்_சுன்னாகம்

சேர் சொன்ன அதே குழாய் கிணத்தடியில இருந்து 10 மீற்றர் உயரத் தாங்கிக்கு ஏறுதெண்டால், அடியில இருக்கிற எல்போவில தண்ணி திரும்பிற விசையை விட அமுக்கத்தால வாற விசை கூட. 10 மீற்றர் நீர் நிரல் 1 லட்சம் பஸ்கால், 20 சதுர சதமமீற்றரில 200 நியூற்றன். அதே வீதத்தில பாய்ஞ்சால் ஒவ்வொரு பக்கமும் 200 உம் 50 உம் சேர்ந்து 250, ரெண்டு பக்கத்துக்கும் விளையுள் 350 நியூற்றன் அளவில எல்போவை வெளிப்பக்கம் தள்ளும். பசை ஒழுங்காய்ப் பிடிக்காத மூட்டு கழருறது அதாலதான். எல்போவுக்குப் பின்னால கல்லோ சீமெந்தோ வைச்சு அண்டை குடுக்கவேணும்.

ஓடிக்கொண்டிருக்கேக்க வால்வைப் படாரெண்டு மூடவும் கூடாது. 30 மீற்றர் குழாய்க்குள்ள 60 கிலோத் தண்ணி ஓடுது, உந்தம் 300. 5 செக்கனில மூடினால் 60 நியூற்றன், குழாய்க்கு ஒண்டும் ஆகாது. ஒரு செக்கனில மூடினால் 300 நியூற்றன், அதாவது ஏற்கனவே இருக்கிற அமுக்கத்துக்கு மேல இன்னும் ஒண்டரை லட்சம் பஸ்கால். அதையும் விடக் கெதியாய் மூடினால் இந்த எளிய கணக்கு நிக்காது, அமுக்க அலை குழாய் வழிய ஓடித் திரும்பும், பழைய பீவீசி அதில வெடிக்கும். கைவால்வைச் சுத்திச் சுத்தி மூடுங்கோ, கடைசிக் கால்வாசியை இன்னும் மெதுவாய். தண்ணியின்ர வேகம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கால்வாசியிலதான் குறையும்.